கடலோரப் பட்டறையில் சிஎன்சி கன்ட்ரோல் பாக்ஸ் வயரிங்: எதற்கு அடுத்து எது, ஏன்

கம்ப்யூட்டர் சொல்படி செதுக்கும் மூன்று அச்சு சிஎன்சி ரவுட்டர், அச்சுகளை நகர்த்தும் நீமா 23 ஸ்டெப்பர் மோட்டார்கள், வெட்டும் பிட்டைச் சுழற்றும் 1.5 கிலோவாட் ஸ்பிண்டில், ஜிஆர்பிஎல் மென்பொருளில் ஓடும் கன்ட்ரோலர். வீட்டோடு பட்டறை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இந்த அளவில்தான் தொடங்குகிறார்கள். இந்த வழிகாட்டியும் அந்த அளவுக்குத்தான்.

புதிதாக வருபவர்கள் சறுக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். எல்லாவற்றையும் மாட்டி முடித்துவிட்டு, கடைசியில் ஒரே அடியாக சுவிட்ச் போடுகிறார்கள். ஏதாவது புகைந்தால் எங்கே தப்பு என்று தெரியாது. ஒரு கட்டம் மாட்டு, அதைச் சோதி, அப்புறம் அடுத்தது. கீழே உள்ள வரிசை அதற்காகவே.

இன்னொன்று நம் கரைக்கே உரியது. கோயம்புத்தூர் பட்டறையில் பத்து வருடம் உழைக்கும் பெட்டி, கடலோர ஊர்களான மண்டபத்திலோ தொண்டியிலோ அப்படி உழைக்காது. ஆடிக் கச்சானில் மணல், ஐப்பசி கார்த்திகை வாடையில் ஈரம், வருடம் முழுக்க உப்பு. எந்த லக் (ஒயர் முனையில் அடிக்கும் உலோகக் காது) வாங்குவது என்பதிலிருந்து எந்தப் பக்கம் ஓட்டை போடுவது என்பது வரை எல்லாவற்றையும் இதுதான் முடிவு செய்யும்.

1. கையில் முதலில் இருக்க வேண்டியவை

மல்டிமீட்டர், ஒயர் ஸ்ட்ரிப்பர், லக்குக்கும் ஃபெர்ரூலுக்கும் (ஒயர் இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சின்ன உலோகக் குழல்) தனித்தனி கிரிம்பிங் டூல், சீரிஸ் போர்டு (ஒரு 100 வாட் குண்டு பல்பு வழியாக மட்டுமே கரண்ட் விடுவது), நம்பர் ஸ்லீவ், ஒரு நோட்டு. நோட்டில் முழு சர்க்யூட்டையும் வரைந்துவிட்டுத்தான் ஒயரைத் தொட வேண்டும்.

ஒயரில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். சாதாரண செம்பு ஒயரை வெட்டி வைத்து, இரண்டு மழைக்காலம் கழித்து அதன் முனையைச் சீவிப் பாருங்கள். வெளியே தெரிந்த இழை பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். இன்சுலேஷனை இன்னும் ஒரு விரல்கடை உரித்தால் உள்ளேயும் கருத்திருக்கும். உப்பு ஈரம் இழைகளுக்கு நடுவே ஊர்ந்து போய்விடுகிறது. அப்படிக் கருத்த இடத்தில் ரெசிஸ்டன்ஸ் கூடும், சூடாகும், ஒருநாள் டெர்மினலே உருகும். வெள்ளீயம் பூசிய செம்பு ஒயரும் லக்கும் கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால், லக் அடித்த உடனே உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போட்டு முனையை மூடிவிடுங்கள்.

ஒயர் முனைக்கு ஈயம் வைத்து டெர்மினலில் முறுக்கும் பழக்கம் இங்கே நிறையப் பேருக்கு உண்டு. வேண்டாம். ஸ்க்ரூவின் அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கிக்கொண்டே போகும், பிடி தளரும். ஃபெர்ரூல் அடியுங்கள்.

அளவுகள்: பிளக்கிலிருந்து விஎஃப்டி (ஸ்பிண்டிலின் வேகத்தை ஆளும் டிரைவ்) வரை 2.5 சதுர மில்லி. சிறிய எஸ்எம்பிஎஸ் (230 வோல்ட்டை டிசியாக மாற்றும் பவர் சப்ளை), கன்ட்ரோல் வேலைக்கு 1 சதுர மில்லி. ஸ்டெப்பர் மோட்டாருக்கு 0.75 அல்லது 1. நிறத்தையும் முன்பே முடிவு செய்யுங்கள். 230 வோல்ட்டுக்கு சிவப்பு, கறுப்பு, பச்சை. டிசி பக்கம் அந்த மூன்றும் வரவே கூடாது. ஆரஞ்சு, சாம்பல் என்று வேறு எடுங்கள். இரண்டு பக்கமும் சிவப்பு கறுப்பாக இருக்கும் பெட்டியை ஆறு மாதம் கழித்துத் திறப்பவர் எதை நம்பிக் கை வைப்பார்?

2. பெட்டிக்கு முன்னால் சுவர்ப் பிளக்

பிளக்கில் மூன்று அளவு எடுங்கள். பேஸ் நியூட்ரலுக்கு நடுவே 230 அக்கம்பக்கம் வரும். பேஸ் எர்த்துக்கு நடுவே கிட்டத்தட்ட அதே அளவு வர வேண்டும். நியூட்ரல் எர்த்துக்கு நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பேஸ்–எர்த் அளவு குறைந்தோ ஆடிக்கொண்டோ இருந்தால் எர்த் இல்லை என்று அர்த்தம்.

அளவு சரியாக வந்துவிட்டது என்பதற்காக மட்டும் நம்பிவிட வேண்டாம். மல்டிமீட்டர் இழுக்கும் கரண்ட் மிகவும் கொஞ்சம். தலைமுடி அளவு தொடுப்பு இருந்தாலும் சரி என்றே காட்டும். உப்பு மண்ணில் புதைத்த ஜிஐ பைப் மேலே பார்க்கக் கெட்டியாக இருக்கும். ஒரு சாண் தோண்டினால் தாள் தாளாக உரிந்து கிடக்கும். உரிமம் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு எர்த் டெஸ்டரால் அளக்கச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் செம்பு பூசிய ராடு அடித்து, தொடுப்பு தெரியும்படி குழி வைக்கச் சொல்லுங்கள். கடலைவிட்டுத் தள்ளி, தேரி மாதிரிக் காய்ந்த மணலில் வீடு இருந்தால் பிரச்சினை வேறு. அங்கே அரிப்பு குறைவு, ஆனால் மண் கரண்டைக் கடத்தாது. ராடு இன்னும் ஆழமாக ஈரம் தொடும் வரை இறங்க வேண்டும்.

எர்த் இல்லாத வீட்டில் பிளக்குக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். மீட்டரில் எல்லாம் சரியாகத் தெரியும். வெளியே எங்காவது நியூட்ரல் அறுந்தால் மெஷினின் உடம்பு முழுக்க 230 வந்து நிற்கும். இதை மட்டும் எந்த அவசரத்திலும் செய்யாதீர்கள்.

இந்த லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனை வெட்டும் சுவிட்ச்) கட்டாயம். கடையில் சாதாரணமாகக் கொடுக்கும் ஏசி வகை விஎஃப்டிக்குச் சரிவராது. குறைந்தது ஏ வகை கேளுங்கள். விஎஃப்டியின் கையேடு வேறு வகை சொன்னால் அதையே போடுங்கள்.

3. பெட்டியும் அது நிற்கும் இடமும்

இரும்புப் பெட்டி மின் இரைச்சலைத் தடுக்கும், எர்த் செய்யலாம், ஆனால் துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் பெட்டி துருப்பிடிக்காது, ஆனால் இரைச்சலையும் தடுக்காது, சூட்டையும் வெளியே விடாது. பவுடர் கோட்டிங் செய்த இரும்புப் பெட்டிதான் என் தேர்வு. ரப்பர் கேஸ்கெட் உள்ள ஐபி 54-க்குக் (தூசியும் தண்ணீர்த் தெறிப்பும் தடுக்கும் தரம்) குறையாத பெட்டி. துளை போட்ட விளிம்பு ஒவ்வொன்றிலும் உடனே பெயிண்ட் தடவிவிடுங்கள். துரு அங்கேதான் தொடங்கும்.

தேவைக்கு ஒரு அளவு பெரிய பெட்டியாக எடுங்கள். ஏனென்றால் உள்ளே வெளியே காற்று இழுக்கும் ஃபேன் வேண்டாம் என்கிறேன். அந்த ஃபேன் குளிர்ச்சியை மட்டும் கொண்டுவராது. உப்பையும் மரத்தூளையும் சேர்த்து இழுத்து போர்டின் மேல் படிய வைக்கும். உப்புப் படிவு இரவில் ஈரத்தை உறிஞ்சும், காலையில் கரண்டைக் கடத்தும். பெரிய மூடிய பெட்டி தன் பரப்பாலேயே சூட்டை வெளியேற்றும். உள்ளுக்குள்ளேயே காற்றைச் சுழற்ற ஒரு சின்ன ஃபேன் போதும். விஎஃப்டிதான் அதிகம் சூடாகும், அதைத் தனிப் பெட்டியில் வைப்பது நல்லது.

கேபிள் நுழையும் துளை எல்லாம் அடிப்பக்கம்தான். மேலே துளை போட்டால் கூரை ஒழுகல் நேராக எஸ்எம்பிஎஸ்ஸில் விழும். ஒவ்வொரு கேபிளுக்கும் அளவான கிளாண்டு (கேபிளைச் சுற்றி இறுக்கித் துளையை அடைப்பது) போடுங்கள். நுழையும் முன் கேபிளைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலேற்றுங்கள். வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். கடல் பார்த்த ஜன்னல் ஓரம் வேண்டாம்.

4. தட்டில் அடுக்குதல்

பின்தட்டைக் கழற்றி மேஜையில் வைத்து வேலை செய்யுங்கள். இடது பக்கம் 230 சாமான்கள்: எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் விழும் சுவிட்ச்), காண்டாக்டர் (காயில் இழுத்து இயக்கும் பெரிய சுவிட்ச்), எஸ்எம்பிஎஸ்ஸின் ஏசி முனை. வலது பக்கம் டிரைவர் (ஸ்டெப்பர் மோட்டாருக்குக் கரண்ட் கொடுப்பது), கன்ட்ரோலர். இரண்டு வகை ஒயரும் ஒரே சேனலில் போகக் கூடாது. குறுக்கே போயே ஆக வேண்டும் என்றால் நேர்கோணத்தில் கடக்கட்டும். பக்கத்தில் பக்கத்தில் ஓடினால்தான் இரைச்சல் தாவும்.

5. முதல் ஒயர் பச்சை

மற்ற எதையும் தொடும் முன் எர்த் முடிந்திருக்க வேண்டும். ஏனென்றால் இதற்குப் பின் நடக்கும் ஒவ்வொரு சோதனையும் எர்த் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் நடக்கும்.

பின்தட்டில் ஒரு போல்ட்டை எர்த் முனையாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் பெயிண்டைப் பளபளப்பாகச் சுரண்டி எடுக்க வேண்டும். பெயிண்டின் மேலேயே லக்கை முறுக்கிவிட்டு எர்த் கொடுத்தாயிற்று என்று நினைப்பவர்கள் ஏராளம். ரிங் லக், நட்சத்திர வாஷர், நட்டு, இறுக்கம், அதன் மேல் கொஞ்சம் வாசலின். காற்று படாமல் மூடினால் களிம்பு பிடிக்காது.

அங்கிருந்து பெட்டியின் உடம்பு, கதவு, ஒவ்வொரு எஸ்எம்பிஎஸ்ஸின் எர்த் முனை, விஎஃப்டி, மெஷினின் ஃபிரேம் எல்லாவற்றுக்கும் தனித்தனி பச்சை ஒயர் போக வேண்டும். ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சங்கிலியாகத் தாவக் கூடாது, நடுவில் ஒன்று கழன்றால் அதற்குப் பின் உள்ள எல்லாம் போய்விடும். கதவின் கீல் எர்த் கொடுக்கும் என்று நினைக்காதீர்கள். அலுமினியம் ப்ரொஃபைல் ஃபிரேமில் அனோடைஸ் பூச்சு கரண்டைக் கடத்தாது, எனவே துண்டு துண்டாக இணைத்த ஃபிரேம் என்றால் ஒவ்வொரு துண்டிலும் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள்.

சோதனை: பிளக்கின் எர்த் முள்ளிலிருந்து மேலே சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஒரு ஓமுக்குள் வர வேண்டும். அளக்கும்போதே ஒயரைக் கையால் ஆட்டுங்கள். எண் குதித்தால் லக்கை மறுபடி அடியுங்கள்.

6. 230 வோல்ட் பாதை

பிளக், அப்புறம் பேஸ் நியூட்ரல் இரண்டையும் வெட்டும் டபுள் போல் எம்சிபி, 16 ஆம்பியர், சி வகை. சி வகை ஏன் என்றால், எஸ்எம்பிஎஸ்ஸும் விஎஃப்டியும் ஆன் ஆகும் நொடியில் அதிகமாக இழுக்கும். பி வகை அதற்கே விழுந்துவிடக்கூடும். டபுள் போல் ஏன் என்றால், நம் வீட்டுப் பிளக்குகளில் பேஸும் நியூட்ரலும் மாறியிருப்பது சகஜம்.

எம்சிபி ஒயரைக் காப்பாற்றத்தான், மெஷினை அல்ல. 16 ஆம்பியர் விழுகிறதே என்று 25 போட்டால் ஒயர் எரியும், எம்சிபி பார்த்துக்கொண்டிருக்கும். 1 சதுர மில்லி ஒயர் போகும் கிளைக்குத் தனியாக 6 ஆம்பியர் எம்சிபி போடுங்கள்.

2.2 கிலோவாட் ஸ்பிண்டில் வாங்கியவர்கள் விஎஃப்டியின் பெயர்த்தகட்டில் இன்புட் ஆம்பியரைப் பாருங்கள். அது 16-ஐத் தாண்டினால் சாதாரண பவர் பிளக் போதாது. போர்டிலிருந்து தனி லைன்தான்.

7. எமர்ஜென்சி ஸ்டாப்பும் காண்டாக்டரும்

பெரும்பாலானோர் தவிர்க்கப் பார்க்கும் கட்டம் இதுதான். சிவப்புக் காளான் பொத்தானை வாங்கி கன்ட்ரோலர் போர்டில் இரண்டு ஒயர் செருகிவிட்டு, முடிந்தது என்கிறார்கள். போர்டு ஹேங் ஆகித் தொங்கிப்போனால் அந்தப் பொத்தானும் தொங்கிப்போகும். மின்சாரத்தை நேரடியாக வெட்ட வேண்டும்.

நம் ஊரில் காண்டாக்டருக்கு இன்னொரு காரணமும் உண்டு. வேலை நடுவில் கரண்ட் போகிறது. நீங்கள் பிட்டைக் கழற்ற ஸ்பிண்டிலில் கை வைத்திருக்கிறீர்கள். கரண்ட் வருகிறது. காண்டாக்டர் இல்லாத மெஷின் அந்த நொடியே உயிர் பெறும்.

இணைப்பு இப்படி. மெயின் எம்சிபிக்கு அடுத்து ஒரு சின்ன 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ், கன்ட்ரோல் வேலைக்கு மட்டும். அதன் பிளஸ் முதலில் எமர்ஜென்சி பொத்தானின் என்சி முனை (அழுத்தாதபோது இணைந்தே இருப்பது) வழியாகப் போகும். அங்கிருந்து பச்சை ஸ்டார்ட் பொத்தானின் என்ஓ முனை (அழுத்தினால் மட்டும் இணைவது), அங்கிருந்து காண்டாக்டர் காயிலின் ஏ1. ஏ2 மைனஸுக்கு. ஸ்டார்ட் பொத்தானுக்கு இணையாக காண்டாக்டரின் துணை முனை 13, 14. பச்சையை ஒருமுறை அழுத்தினால் காண்டாக்டர் தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும். கரண்ட் போனாலோ சிவப்பை அடித்தாலோ விட்டுவிடும். மறுபடி யாராவது பச்சையை அழுத்தும் வரை எழாது.

காயில் 24 வோல்ட் டிசியாகவே இருக்கட்டும். 230 வோல்ட் காயில் மலிவு, ஆனால் மெஷின் ஓரத்தில், ஈரக் கை படும் பொத்தானுக்குள் 230 ஓடும். காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடு, கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். இது இல்லாவிட்டால் காயில் விடும்போது வரும் துள்ளல் கன்ட்ரோலரைத் தடுமாற வைக்கும்.

காண்டாக்டரின் மெயின் முனைகள் வழியாக மோட்டார் எஸ்எம்பிஎஸ்ஸும் விஎஃப்டியும் போகும். கன்ட்ரோலர் போர்டு போகாது.

சோதனையை மோட்டார், விஎஃப்டி எதையும் மாட்டாமல் செய்யுங்கள். பச்சை: டக் என்று இழுக்க வேண்டும். சிவப்பு: விட வேண்டும். சிவப்பைத் திருகி விடுவித்தால் எதுவும் எழக் கூடாது. பச்சை போட்டு மெயினை அணைத்துப் போடுங்கள். அப்போதும் எழக் கூடாது. கடைசியாக, எமர்ஜென்சி பொத்தானின் ஒரு ஒயரைக் கழற்றிப் பாருங்கள். காண்டாக்டர் இழுக்கவே கூடாது. என்சி போடுவதன் பயனே இதுதான்: உப்பில் ஒயர் அறுந்தாலும் மெஷின் நின்றுவிடும், ஓடாது.

சிவப்பை அடித்தாலும் ஸ்பிண்டில் உடனே நிற்காது, சற்று நேரம் சுழன்றுதான் ஓயும். கனமான இசட் அச்சு தானாக இறங்கவும் கூடும். பொத்தானை அடித்ததும் கையை உள்ளே விடாதீர்கள்.

8. மோட்டாருக்கான எஸ்எம்பிஎஸ்

பக்கவாட்டில் 115/230 தேர்வு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். 115-இல் விட்டுவிட்டு நம் கரண்டைக் கொடுத்தால் வெடிச் சத்தத்தோடு போய்விடும்.

கரண்ட் கொடுக்கும் முன் மீட்டரில் பேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த், பிளஸ்–மைனஸ் மூன்றிலும் ஷார்ட் இல்லை என்று பாருங்கள். அப்புறம் சீரிஸ் போர்டு வழியாக முதல் கரண்ட். பல்பு ஒரு மின்னல் மின்னி அணைந்தால் நல்லது. பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். பல்பு அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது, பெட்டியைக் காப்பாற்றிவிட்டீர்கள். சரி என்றால் நேரடியாகக் கொடுத்து டிசி வோல்ட்டை அளந்து நோட்டில் எழுதுங்கள். நீமா 23-க்கு 36 வோல்ட் நல்ல அளவு. டிரைவரின் உச்ச வரம்பு வரை ஏற்ற வேண்டாம், மோட்டார் நிற்கும்போது வோல்ட்டைத் திருப்பித் தள்ளும்.

இந்த இடத்தில் தவறாமல் ஒரு கேள்வி வரும். "அண்ணே, 36 வோல்ட்தானே, ஷாக் அடிக்காதுல்ல?" ஷாக் அடிக்காமல் இருக்கலாம் தம்பி, ஷார்ட் ஆனால் ஒயர் பழுக்கும். டிசி பக்கமும் ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு ஃபியூஸ் போடு.

9. டிரைவரும் மோட்டாரும்

மோட்டாரின் நான்கு ஒயரில் எந்த இரண்டு ஒரு ஜோடி என்று நிறத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இரண்டு ஒயரை ஒன்றாகத் தொட வைத்து ஷாஃப்ட்டைக் கையால் திருப்புங்கள். முரண்டு பிடித்தால் அது ஜோடி. ஒரு ஜோடி ஏ முனைகளுக்கு, மற்றது பி முனைகளுக்கு. ஜோடி கலந்துவிட்டால் மோட்டார் ஓடாமல் உறுமும்.

டிரைவரில் உள்ள சின்ன டிப் சுவிட்சில் கரண்ட்டை மோட்டாரில் எழுதியுள்ளதைவிடக் குறைத்து வைத்துத் தொடங்குங்கள். முதலில் ஒரே ஒரு அச்சு, பெல்ட்டோ ஸ்க்ரூவோ கோக்காமல். அது சரியாகச் சுழன்ற பின் மற்றவை.

கரண்ட் இருக்கும்போது மோட்டார் ஒயரைக் கழற்றுவது டிரைவரைக் கொல்லும் நிச்சயமான வழி. மெயினை அணைத்த பின்னும் டிரைவரின் எல்இடி அணையும் வரை பொறுங்கள். ஸ்க்ரூ தளர்ந்தாலும் இதே கதைதான், அதனால் இங்கே ஃபெர்ரூல் கட்டாயம்.

10. லிமிட் சுவிட்ச்

அச்சு ஓரத்தில் முட்டாமல் காக்கும் சுவிட்சுகள் இவை. இவையும் என்சி. ஜிஆர்பிஎல்-இல் $5=1 என்று வைத்தால் என்சி இணைப்பை ஏற்கும். அதன் பிறகு $21=1 போட்டு ஹார்ட் லிமிட்டை (சுவிட்ச் பட்டதும் மெஷினை நிறுத்துவது) இயக்குங்கள். ஷீல்டு கேபிள் (உள்ளே உலோக உறை சுற்றியது) போட்டு, ஷீல்டைப் பெட்டி முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். ஸ்பிண்டில் ஓடும்போது மட்டும் லிமிட் அலாரம் வந்தால் சுவிட்ச் மேல் பழி போடாதீர்கள். ஸ்பிண்டில் கேபிளோடு சேர்த்துக் கட்டியிருப்பீர்கள், பிரித்து வையுங்கள்.

11. ஸ்பிண்டிலும் விஎஃப்டியும் கடைசியில்

விஎஃப்டியை முதலில் மாட்டினால் மற்றதைச் சோதிக்கும்போது அதன் இரைச்சல் குழப்பும். அதனால் இது கடைசி.

மலிவு ஸ்பிண்டில்கள் பலவற்றில் கனெக்டரின் நான்காவது (எர்த்) முள் உடம்போடு இணைந்தே இருக்காது. முள்ளுக்கும் உடம்புக்கும் நடுவே மீட்டர் வையுங்கள். தொடர்பு இல்லை என்றால் மூடியைத் திறந்து இணையுங்கள், அல்லது கிளாம்பிலிருந்து தனிப் பச்சை ஒயர் எடுங்கள். வாட்டர் கூலிங் ஸ்பிண்டில் என்றால் இதைச் செய்யாமல் ஓட்டவே கூடாது.

யு, வி, டபிள்யு முனைகளிலிருந்து ஸ்பிண்டில் வரை ஷீல்டு கேபிள், நடுவில் எந்த சுவிட்சும் இல்லாமல். ஷீல்டை விஎஃப்டியின் எர்த் முனையில் கட்டுங்கள்.

ஓட்டும் முன் செட்டிங். 24,000 சுற்று ஸ்பிண்டிலுக்கு 400 ஹெர்ட்ஸ். பெட்டியிலிருந்து வரும்போது பல விஎஃப்டிகள் 50 ஹெர்ட்ஸ் மோட்டாருக்குப் பொருத்தி வரும். அப்படியே ஓட்டினால் 50 ஹெர்ட்ஸிலேயே முழு வோல்ட் போய் காயில் கருகிவிடும். உச்ச ஃப்ரீக்வென்சி, பேஸ் (base) ஃப்ரீக்வென்சி இரண்டையும் மாற்றுங்கள். ஒருமுறை கரண்ட் கொடுத்துவிட்டால், அணைத்த பின்னும் பத்து நிமிடம் விஎஃப்டி முனைகளைத் தொடாதீர்கள். உள்ளே கெப்பாசிட்டர் சார்ஜோடு இருக்கும்.

12. முதல் வெட்டும் முதல் மழையும்

முதல் ஓட்டம் பிட் இல்லாமல், காற்றில். ஒரு கை எமர்ஜென்சி மேல். பாதியில் வேண்டுமென்றே சிவப்பை அடியுங்கள். மோட்டார் நின்றாலும் கன்ட்ரோலர் புரோகிராமை ஓட்டிக்கொண்டே இருக்கும். அது தெரியாமல் பச்சையை அழுத்தினால் மெஷின் எங்கோ இருந்து எங்கோ பாயும். முதலில் கம்ப்யூட்டரில் புரோகிராமை நிறுத்து, அப்புறம் பச்சை, அப்புறம் ஹோமிங் (அச்சுகளை ஆரம்பப் புள்ளிக்குக் கொண்டுபோவது). இந்த மூன்றையும் பெட்டிக் கதவில் எழுதி ஒட்டுங்கள்.

ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு, மெயின் பிளக்கைப் பிடுங்கி, பத்து நிமிடம் விட்டு எல்லா ஸ்க்ரூவையும் மறுபடி இறுக்குங்கள். புது ஒயர் முதல் சூட்டில் கொஞ்சம் தளரும்.

அப்புறம் வருடா வருடம் புரட்டாசி முடிவதற்குள், வாடை தொடங்கும் முன், பெட்டியைத் திறங்கள். பிரஷ்ஷால் தூசி, எர்த் போல்ட்டில் புது வாசலின், சிலிகா ஜெல் பையைப் பழைய சட்டியில் மிதமான சூட்டில் காயவைத்து மறுபடி உள்ளே. சமையல் சட்டி வேண்டாம். ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். உப்புக் காற்றில் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ஒட்டிக்கொள்வதுண்டு, அழுத்தியும் விழவில்லை என்றால் அன்றே மாற்றிவிடுங்கள். இடி இடிக்கும் இரவுகளில் மெயின் பிளக்கோடு யுஎஸ்பி கேபிளையும் பிடுங்கி வையுங்கள்.